பாகோ பாகோக்காரனை அடித்த சனிக்கிழமை

"பாகோ பாகோ போட்டிக்கு ஆறு பேர் போறீங்க, சரி. அந்த ஆறு பேர்ல ஆடப்போறது யாரு?" என்று கேட்டாள் மரேத்தா.

தலைவர் துவாலா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நாற்காலி முனகியது. ஒரு காலத்தில் சமோவாவுக்காக ரக்பி ஆடிய உடம்பு அது. ஆட்டம் போய்விட்டது, உடம்பு போகவில்லை. இப்போது அவர் தேசிய மின்விளையாட்டுச் சங்கத்துக்குத் தலைவர். மின்விளையாட்டு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

"நான் தலைவர். அப்புறம் செயலாளர். அப்புறம் ஒரு டாக்டர்."

"டாக்டர் எதுக்கு?"

"கட்டைவிரல் சுளுக்கிக்கிட்டா?"

"யாரோட கட்டைவிரல், தலைவரே? நான்தான் வரலையே!"

"குறுக்கே பேசாதே. கொடி பிடிக்க ஒருத்தன். அவனுக்கு கை வலிச்சா மாத்திப் பிடிக்க ஒருத்தன். அணித் தாயா என் சம்சாரம்."

"அணின்னா நான் ஒருத்திதான். எனக்குத் தாய் வீட்டுல இருக்காங்க!"

துவாலா பொறுமையானவர். புரியாதவர்களிடம் பேசும்போது அவருக்குப் பொறுமை இன்னும் கூடிவிடும். "இதோ பாரும்மா. உன் சண்டை கேம் எதுல நடக்குது?"

"இணையத்துல."

"இணையம் எங்க இருக்கு?"

"எல்லா இடத்துலயும்."

"அப்ப நீ எதுக்கு அவ்வளவு தூரம் அலையணும்? வீட்டுல உட்கார்ந்து ஆடு. ரக்பிப் பசங்களும் இப்படி வீட்டுல இருந்தே ஆடறதா இருந்தா இந்த நாடு எங்கயோ போயிருக்கும்."

"மத்த நாட்டுக்காரங்களும் வீட்டுல இருந்துதான் ஆடறாங்களா?"

"பின்னே?" என்றார் துவாலா, துளிக்கூடத் தயங்காமல்.

மரேத்தாவுக்குக் காது மடல்கள் சூடாகிவிட்டன. சமோவாவில் அந்தச் சண்டை விளையாட்டில் அவளை வெல்ல ஆளில்லை. பகலெல்லாம் தலைநகர் ஆபியாவில் ஓர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போடுவாள். மிச்சமிருக்கும் நேரமெல்லாம் விரல்களைப் பழக்குவாள். பாகோ பாகோ போட்டியில் ஜெயிப்பவருக்கு ஆக்லாந்து அணியில் ஓராண்டு இடம், சம்பளத்தோடு. அவளுக்கு இருபத்தாறு வயது. இந்த ஆட்டத்தில் அது கிழவி வயசு. கண் பார்த்ததை விரல் உடனே கேட்கும் இந்த வேகம் அடுத்த வருடம் இருக்குமோ இருக்காதோ. இப்போது விட்டால் ஆயுசுக்கும் ஆணிதான்.

"என்னிக்குப் போட்டி? அதையாவது சொல்லுங்க."

"சனிக்கிழமை."

"நம்ம சனியா, அவங்க சனியா?"

அப்படிக் கேட்பது அங்கே எல்லாருக்கும் பழக்கம். பக்கத்துத் தீவிலிருக்கும் பாகோ பாகோ அரை மணி நேர விமானம்தான். ஆனால் நடுவில் ஓடும் தேதிக்கோட்டினால் நமக்கு அவர்கள் ஒரு முழு நாள் பின்னால். இங்கே விமானம் ஏறினால் அங்கே நேற்றில் போய் இறங்கலாம். இங்கே பிறந்தநாள் கொண்டாடிவிட்டு அங்கே போய் இன்னொரு தடவை கேக் வெட்டியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

"நாடு நம்ம நாடு, சனியும் நம்ம சனி. நானே விசாரிச்சுட்டேன். எத்தனை மணின்னு கேளு முதல்ல."

"எத்தனை மணி?"

"சாயங்காலம் ஆறரை."

மரேத்தாவுக்கு நாளெல்லாம் மறந்துபோயிற்று. ஆறரை மணி! அது சா நேரமாயிற்றே!

*

மரேத்தாவின் சாலேவாய் ஊரில் பொழுது சாயும்போது, மரத்தில் தொங்கும் காலி கேஸ் சிலிண்டரை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அந்த மணி அடித்தால் சா. தெருவில் ஒருவர் நடக்கக் கூடாது. வண்டி ஓடக் கூடாது. எல்லாரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்ய வேண்டும். இடுப்பில் லாவாலாவா வேட்டி கட்டிய இளைஞர்கள் சாலையோரம் வரிசையாக நின்று காவல் காப்பார்கள். மீறினால் அபராதம் பன்றிக் கணக்கில்.

அதையாவது சமாளிக்கலாம். இணையத்தை என்ன செய்வது? மரேத்தா வீட்டில் ஈரப்பலா மரத்துக்குக் கீழே நின்றால் கொஞ்சம் வரும், காற்றடித்தால் போய்விடும். இவள் இங்கே ஒரு குத்து விட்டால், அது போய்ச் சேர்வதற்குள் எதிராளி ஒதுங்கி, திருப்பி இரண்டு குத்தும் விட்டிருப்பான். ஊரில் ஒழுங்கான கம்பி இணைப்பு ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. போதகர் வீடு.

"தாராளமா வந்து ஆடும்மா," என்றாள் போதகரம்மா. அந்த அம்மாள் யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவள். "எப்ப?"

"சனிக்கிழமை. ஆறரைக்கு."

போதகரம்மாவின் முகம் வெளிறியது. "சா நேரத்துல சண்டையா? போதகர் வீட்டுலயா? ஊர் சபை சரின்னு சொன்னா, எனக்கு ஆட்சேபணை இல்லை."

ஊர் சபையில் பெரியவர்கள் சம்மணமிட்டு வட்டமாக உட்கார்ந்து ஆவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்கள். நாட்டாமை இயோவானே மரேத்தாவுக்குப் பெரியப்பா முறை. அதனால் மற்றவர்களைவிட அதிகமாக முறைத்தார்.

"டிவியில பொம்மையை அடிக்கிறதுக்கு சாமி நேரத்தைத் தள்ளி வைக்கணுமா? நம்ம வீட்டுல வளர்ந்த பொண்ணு பேசற பேச்சா இது?"

"ரக்பி உலகக் கோப்பைக்கு மட்டும் மணியைத் தள்ளி அடிச்சீங்களே, பெரியப்பா!"

"அது ரக்பி."

"போன வருஷம் நம்ம ரக்பிப் பசங்க வெளியூர் போனப்ப வீட்டுக்கு வீடு வசூல் பண்ணிக் குடுத்தீங்க. எல்லா ஆட்டத்துலயும் தோத்துட்டு வந்தாங்க. அதுக்கும் பன்றி அடிச்சு விருந்து வெச்சீங்க!"

"ரக்பில தோக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேணும்," என்றார் இன்னொரு பெரியவர். வட்டம் முழுவதும் தலையாட்டியது.

"நான் ஒரு பைசா கேட்கலையே! விருந்து கேட்கலையே! அரை மணி நேரம் கேக்கறேன், அவ்வளவுதான். ஒரு பொண்ணு கேட்டா மட்டும் உங்களுக்கெல்லாம் சாமி ஞாபகம் வருதா?" மரேத்தாவின் குரல் உடைந்தது. அழுகை இல்லை அது, ஆத்திரம். இந்த ஊரில் எலும்பை உடைத்துக்கொண்டால்தான் விளையாட்டு என்று ஒப்புக்கொள்வார்கள்.

நாட்டாமை கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சரி சரி, அழாதே. யாரைத்தான் அடிக்கப்போறே அதுல?"

"பாகோ பாகோக்காரனை."

வட்டம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆவா கலக்குகிறவன்கூடக் கையை நிறுத்தினான்.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினார் நாட்டாமை. "இவ்வளவு நேரம் சாமி நேரம், பொம்மைன்னு என்னென்னவோ பேச வெச்சுட்டியே! சனிக்கிழமை மணி முன்னாடியே அடிச்சுடலாம். சீக்கிரமா ஜெபம் முடிச்சுட்டு ஊரே வந்து உட்கார்ந்துடும். என்ன சொல்றீங்க?"

எல்லாரும் சம்மதம் என்று தொடையில் தட்டினார்கள்.

"ஊர் வேணாம், பெரியப்பா. எனக்கு அமைதி போதும்."

"அமைதியா? நம்ம ஊர் மானம் இது. நீ பேசாம போய்க் கையைப் பழக்கு. மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

தடுத்தபோதுகூட அவளுக்கு அவ்வளவு பயம் வரவில்லை. அவர்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றதும் வந்தது.

*

சனிக்கிழமை அவள் கன்ட்ரோலரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனபோது, உள்ளே நுழைய வழியில்லை. வாசலில் உமு அடுப்பு மூட்டி, சுட்ட கல்மேல் பன்றியும் சேப்பங்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. கூடத்தில் பெண்கள் சங்கம் வரிசையாகப் பாய் போட்டு உட்கார்ந்திருந்தது. பாடகர் குழு வெள்ளைச் சட்டையில் தயாராக நின்றது. ஒரு மூலையில் அம்மா, முகமெல்லாம் பெருமையாக. ஆட்டம் என்றால் என்னவென்று மகளிடம் ஒரு நாளும் கேட்காத அம்மா.

"நீ அடிக்கிறப்பல்லாம் ஒரு பாட்டு," என்று விளக்கினார் போதகர். "அவன் அடிச்சா மௌனம்."

மரேத்தா திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். துவாலா கொடுத்துவிட்டுப் போன எண்ணைப் போட்டு, இணைய அறைக்குள் நுழைந்தாள். அறிவிப்பாளர் இல்லை, புள்ளிப் பலகையும் இல்லை. துவாலா சொல்லியிருந்த எசேக்கியா என்ற பாகோ பாகோப் பையன் மட்டும் அங்கே இருந்தான்.

"அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்று எழுதினான்.

நம் தீவுகளில் நடத்துகிற போட்டி இப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடங்கினாள். மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயிப்பவருக்கே ஆக்லாந்து என்று துவாலா சொல்லியிருந்தார்.

முதல் ஆட்டத்தில் அவளுடைய வீராங்கனை கையை ஓங்கினாள். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. படம் உறைந்துபோயிருந்தது. உறைவு கலைந்தபோது வீராங்கனை தரையில் கிடந்தாள். பாடகர் குழு விஷயம் தெரியாமல் முதல் பாட்டைத் தொடங்கிவிட்டது.

மரேத்தா திரும்பிப் பார்த்தாள். அங்கே இருந்த ஒவ்வொரு கையிலும் ஒரு போன். ஒவ்வொரு போனிலும் ஓர் உறவு. ஆக்லாந்துச் சித்தி, சிட்னி மாமா, பிரிஸ்பேன் மச்சான். எல்லாருக்கும் நேரடி ஒளிபரப்பு, எல்லாம் போதகர் வீட்டு வைஃபையில்.

"தெரியுதா, சித்தி? அந்தக் கீழே விழுந்து கிடக்கிறாளே, அதுதான் நம்ம மரேத்தா!"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "போனை எல்லாம் வைங்க! எனக்கு விருந்து வேணாம், பாட்டு வேணாம். ஒரே ஒரு கம்பி போதும்! ஒருத்தி ஆடறதுக்கு ஒரே ஒரு கம்பி. அதையும் இத்தனை பேர் பிடிச்சு இழுக்கறீங்க! ரக்பி மைதானத்துல யாராவது நடுவுல பாய் போட்டு உட்காருவீங்களா? பந்தைப் பிடுங்கிச் சித்திக்குக் காட்டுவீங்களா? எனக்கு மட்டும் ஏன்?"

போதகரம்மா விறுவிறுவென்று எழுந்து போய்க் கோயில் காணிக்கைக் கூடையை எடுத்து வந்தாள். "போடுங்க. எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போடுங்க. மரேத்தா, நீயும் போடு, பாரபட்சம் வேணாம். உன்னோடதை அணைக்க வேணாம், தலைவர் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்."

கூடை நிறைந்தது. காணிக்கைக்குக்கூட அந்தக் கூடை அப்படி நிறைந்ததில்லை என்று போதகர் பிற்பாடு சொன்னார்.

இரண்டாவது ஆட்டத்தில் இணையம் தண்ணீர் மாதிரி ஓடியது. மரேத்தாவின் விரல்கள் பறந்தன. எசேக்கியா மூலையில் மாட்டிக்கொண்டு வாங்கினான். பாட்டுக்கு மேல் பாட்டு, பாடகர் குழுவுக்கு மூச்சு வாங்கியது. ஆட்டம் அவளுக்கு.

மூன்றாவது தொடங்கும்போது வெளியே கூச்சல் கேட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, தலையில் பாய்ச் சுருட்டோடு போதகர் வீட்டு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"சுனாமி! எல்லாரும் மேட்டுக்கு வாங்க!"

"எங்கய்யா சுனாமி?" என்று வாசலில் மறித்தார் நாட்டாமை.

"உங்க ஊர்ல! ஆக்லாந்துல இருந்து எங்க அக்கா போன் பண்ணிச்சு. சாலேவாய்ல பேசிக்கிட்டே இருந்தவங்க எல்லார் போனும் ஒரே நொடியில போச்சாம். ஊரே முழுகிடுச்சுன்னு அங்க அழுதுக்கிட்டிருக்காங்க!"

"நாங்க முழுகலை. பாகோ பாகோக்காரனை அடிச்சுக்கிட்டிருக்கோம்!"

"அப்படியா! எங்க? எங்க?"

அவ்வளவுதான். பாய்ச் சுருட்டோடு அத்தனை பேரும் உள்ளே நுழைந்தார்கள். ஒரு கோழியும் நுழைந்தது. போதகர் வீட்டுத் தொலைபேசி விடாமல் அலறியது. எடுத்து எடுத்து, "உயிரோடதான் இருக்கோம், வைங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள் போதகரம்மா. யாருடைய பாட்டா செருப்போ மரேத்தாவின் முதுகை உரசியது. அவள் திரும்பவே இல்லை. இத்தனை வருட ஆத்திரமும் கட்டைவிரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு குத்து, அணித் தாய்க்கு ஒரு உதை, கொடி மாற்றிப் பிடிக்கிறவனுக்குத் தனியாக இரண்டு. எசேக்கியாவின் வீரன் சுருண்டு விழுந்தான். அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.

இரண்டு ஊரும் சேர்ந்து கூரை அதிரக் கத்தின. அம்மா அழுதாள். நாட்டாமை மரேத்தாவைத் தோளில் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் எசேக்கியா எழுதியிருந்தான்: "செமையா ஆடறீங்க அக்கா. நாளைக்குப் பார்ப்போம்!"

"பாவம், ரோஷக்காரப் பையன். இன்னொரு தடவை ஆடணுமாம்," என்று சிரித்தாள் மரேத்தா. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஆக்லாந்து! இனி ஆணி இல்லை.

விருந்து நடந்தது. சேம்பிலையில் தேங்காய்ப்பால் கட்டி வேகவைத்த பாலுசாமி பக்கத்து ஊருக்கும் சேர்த்துப் பரிமாறப்பட்டது. போன்களைத் திருப்பிக் கொடுத்ததும் ஊர் முழுவதும் ஆக்லாந்துக்குச் செய்தி சொன்னது. துவாலாவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. நாலு தடவை போதகர் வீட்டிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். எடுக்கவில்லை.

"ஜெயிச்சவளுக்கு ஒரு வாழ்த்து சொல்லக்கூடத் தலைவருக்கு நேரமில்லை. அங்க கடைவீதியில சுத்திக்கிட்டிருப்பார்," என்று பொருமினாள் மரேத்தா. அந்தக் கோபத்திலும் சந்தோஷத்திலும் தன் போன் கூடையின் அடியிலேயே கிடப்பதை மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

*

மறுநாள் ஞாயிறு, சாயங்கால ஆராதனை. ஊரே வெள்ளை உடுத்திக் கோயிலில் உட்கார்ந்திருந்தது. மரேத்தாவுக்கு முதல் வரிசையில் இடம், நாட்டாமைக்குப் பக்கத்தில். அந்த வரிசையில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. பிரசங்கத்தின் முக்கால் பாகம் அவளைப் பற்றித்தான். போதகர் தாவீதில் ஆரம்பித்து, கவண்கல்லில் இருந்து கன்ட்ரோலருக்கு வந்து சேர்வதற்குள் வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது.

"இந்தப் பிள்ளை விளையாடினப்ப நாம என்ன செஞ்சோம்?" என்று அவர் கேட்டார். "சிரிச்சோம். பொம்மைன்னோம். நான்கூட அப்படித்தான் சொன்னேன், மன்னிக்கணும்மா. இனிமே இந்த ஊர்ல யார் பிள்ளை விளையாடினாலும், பந்தோ பொத்தானோ, நம்ம பிள்ளை!"

"ஆமென்!" என்றது கோயில்.

மரேத்தாவின் கண்கள் நிறைந்துவிட்டன. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடமும் சண்டை போட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. துவாலாவைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது.

காணிக்கைக் கூடை வரிசை வரிசையாக வந்து பீடத்தில் ஏறியது. ஏறியதும் அதற்குள்ளிருந்து மணி அடித்தது. போதகர் சில்லறையைக் கிளறி ஒரு போனை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விளையாட்டுச் செயலியில் வந்த அழைப்பின் பெயரைப் படித்தார். முகம் மலர்ந்தது.

"மரேத்தாவோட போன். யார் கூப்பிடறாங்க தெரியுமா? எசேக்கியா! நேத்து நம்மகிட்ட தோத்த பையன், வாழ்த்துச் சொல்லக் கூப்பிடறான். பாகோ பாகோக்காரனா இருந்தாலும் பெருந்தன்மையைப் பாருங்க!"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி வைங்க!" என்று கத்தினார் நாட்டாமை.

போதகர் மைக்கை போனோடு சேர்த்துப் பிடித்தார். கோயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"அக்கா, எங்க இருக்கீங்க? நேத்து பயிற்சி அறையில நாம ஆடினது சும்மா பழகற ஆட்டம்தானே! இங்க இன்னிக்குத்தான் சனிக்கிழமை, போட்டி இப்ப ஆரம்பிக்கப் போறாங்க. எல்லா நாட்டு ஆட்டக்காரங்களும் மேடையில வந்து உட்கார்ந்தாச்சு. உங்க பேர் எழுதின நாற்காலியில மட்டும் உங்க தலைவர் உட்கார்ந்துக்கிட்டு, குத்தறதுக்கு எந்தப் பொத்தான்னு என்கிட்ட கேக்கறார்!"